கோட்டுப் போட்ட படம்

என் வீட்டுக்காரர் செத்துப்போன முதல் வருஷம் முழுக்க நான் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று அவர் வீட்டு ஆட்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அழக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டவர்களும் அதே ஆட்கள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

மேனாம்பேட்டில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு ஹால், முன்னால் கிரில் கதவு. அதில் நான், அவர், அவருடைய அம்மா என்று மூன்று பேர் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கான பேச்சையெல்லாம் இந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் கேட்டு முடித்தேன்.

அத்தைக்கு மறதி நோய் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. முதலில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். அப்புறம் எங்கள் கல்யாணத்தை மறந்தார். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். மூன்று மணி நேரம் தேடி, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை வாசலில் கண்டுபிடித்தோம். நடவுக்கு ஆள் வரும் என்று காத்திருக்கிறாராம். அவர் நடவு நட்ட நிலத்தில் இப்போது நான்கு மாடி குடியிருப்பு நிற்கிறது.

மறுநாளே நான் வேலையை விட்டேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வந்த சட்டையில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை. பதினோரு வருஷம் பார்த்தேன். விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. விட வைத்தார்கள். சேக்காட்டில் இருக்கும் நாத்தனாருக்கு மூட்டு வலி. பூந்தமல்லி ஃப்ளாட்டில் இருக்கும் கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பதால் சத்தம் ஆகாதாம்.

"உனுக்கு இன்னா, புள்ளயா குட்டியா. நீதான் பாத்துக்கணும்" என்றார் நாத்தனார்.

பதினைந்து வருஷமாக எனக்குக் குறையாக இருந்தது, அன்றைக்கு அவர்களுக்கு வசதியாகிவிட்டது. அப்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவைக் குளிப்பாட்ட என்னோடு கைகொடுத்தார், அவருக்குச் சோறு ஊட்டினார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவர் ஒரு கம்பெனியில், மெஷினுக்கு வேண்டிய கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தார். அவர் செத்துப்போன அன்றைக்கு செகண்ட் ஷிப்ட். காலையிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு வெறும் கேஸ், வாயு என்றார். ஒரு சோடாவை வாங்கிக் குடித்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அத்தை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு மூடத் தெரியாமல் கத்தினார், நான் உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது. அதற்காக அவர்மேல் கோபம், என்மேல் கோபம், அந்தக் குழாய்மேலும் கோபம்.

ஏழரைக்கு கம்பெனியிலிருந்து போன் வந்தது. மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம். காரியமெல்லாம் முடிந்த பிறகு கூட வேலை செய்தவர்கள் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி சோறு கெட்டுப்போய் அப்படியே இருந்தது. தேய்த்துக் கழுவி மேல் அலமாரியில் கவிழ்த்து வைத்தேன்.

ஐஸ் பெட்டியில் அவரை வைத்திருந்தபோது அத்தைக்கு எல்லாம் புரிந்தது. மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பெட்டிக் கண்ணாடியில் தலையை மோதப் போனார். நான்தான் அவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வேறு யார் தொட்டாலும் கடிப்பார். புருஷனைப் பறிகொடுத்தவளை நாலு பெண்கள் பிடித்துக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என்னை யாரும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை காபியைக் குடித்து முடித்துவிட்டு கிரில் கதவைப் பார்த்தார்.

"பையன் இன்னும் வர்ல? அடுத்த ஷிப்டும் சேத்துப் பாத்துகினு வரானா?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். "ஆமா அத்த" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

பத்தாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். பொட்டை அழித்தார்கள். வேண்டாம், பொட்டாவது இருக்கட்டும் என்று நான் சொன்னேன். இந்தக் காலத்தில் எத்தனையோ பேர் வைத்துக்கொள்கிறார்கள். நாத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. என் தம்பிக்குச் செய்யவேண்டிய மரியாதை என்றார். சரி, தொலையட்டும் என்று நெற்றியைக் காட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "இன்னா பொண்ணே, நெத்தி காலியா கீது? எம் பையனுக்கு இன்னா ஆச்சி?" என்று ஆரம்பித்து, குரல் ஏறி ஏறிக் கடைசியில் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உலுக்கினார். தெருவே வந்து நின்றது.

அத்தையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொழுந்தன் போனில் கேட்டார். எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் போக்கிலேயே போங்கள் என்று டாக்டர் சொன்னாராம். நல்ல வார்த்தைதான், நோயாளிக்குச் சொன்னது. அதை நாத்தனார் எனக்குச் சட்டமாக மாற்றினார். வீட்டில் நான் அழக்கூடாது. அவர் படத்தை வீட்டில் மாட்டக்கூடாது. கடைசியாக, ஃபேன்சி ஸ்டோரிலிருந்து ஒரு அட்டை சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"ஊட்டுக்குள்ள வெச்சிக்கோ. வெளிய போசொல்லோ எடுத்துடு. நாலு பேரு பாத்தா நல்லா இருக்காது."

நான்கு நாளைக்கு முன்னால் அழித்த அதே விரல் கொடுக்கிறது. அவர்களுக்காக எடுத்தேன், அவர்களுக்காகவே திரும்ப வைத்துக்கொண்டேன். வெளிக்கதவு பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. காய்கறி வாங்கப் போகும்போது பொட்டை எடுத்து அந்தக் கண்ணாடியில் ஒட்டுவேன், திரும்பி வந்ததும் எடுத்து நெற்றியில் ஒட்டுவேன். பசை போனால் கண்ணாடியிலேயே விட்டுவிடுவேன். வருஷம் திரும்புவதற்குள் கண்ணாடியின் ஓரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகளாகிவிட்டன.

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை நாத்தனார்தான் ஆவடியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிது பண்ணினார். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம். திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. நீலக் கோட்டு, சிவப்பு டை. மெஷினில் பட்டு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, அதை அழித்துவிட்டார்கள். நரைத்த மீசைக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். ஆளை நாலு மடங்கு வெளுப்பாக்கிப் பின்னால் ஒரு அருவியை ஓடவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஸ்டுடியோக்காரர்கள் செய்வது இதைத்தான். லாரி ஓட்டியவர், பால் ஊற்றியவர், மூட்டை தூக்கியவர், எல்லோரும் செத்த பிறகு கோட்டுப் போட்டுக்கொள்கிறார்கள்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"மதிப்பா இருக்கட்டும்னுதான். ஆபீசர் மாதிரி கீறான் பாரு" என்றார் நாத்தனார். அந்தப் படத்தையும் சேக்காட்டில் தன் வீட்டு ஹாலில் மாட்டிக்கொண்டார். அம்மா பார்த்தால் தாங்காதாம்.

எனக்கு மிச்சம் இருந்தது போனில் இருந்த படங்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பேன். கண் கலங்குவதற்குள் அத்தை கதவைத் தட்டுவார். "பையனுக்குச் சோறு கட்டினியா? டிபன் பாக்ஸ் எடுத்துகினு போனானா?" ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. எடுத்துகினு போனாரு அத்த. செகண்ட் ஷிப்ட் அத்த. வந்துடுவாரு அத்த. நாலு மணியானால் கிரில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்குவார். அவரோடு சேர்ந்து என் தலையும் தூக்கும், அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஆறு மாதம் பொறுத்தேன். ஒருநாள் மதியம், சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "எம் பையன் வரட்டும், உன்ன சொல்றேன். நீ அவன எங்கயோ தொரத்திட்ட" என்றார். அப்போது எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

"உன் பையன் செத்துட்டான். செத்து ஆறு மாசம் ஆச்சி. வரமாட்டான். இனிமே கேக்காத."

அத்தை என்னைப் பார்த்தபடியே நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. முதல் நாள் அழுத அதே அழுகை, கொஞ்சமும் குறையவில்லை. சாம்பார் சிந்திய தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். நான் பிடித்தேன், என்னைக் கடித்தார். கையை விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா நாத்தனாருக்குப் போன் பண்ணிவிட்டார். அவர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கும்போது அத்தை முகம் கழுவி, பவுடர் போட்டு, கிரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. யாரு வேணும்? பையன் ஷிப்டுக்குப் போயிகீறான்" என்று மகளிடம் சொன்னார்.

நாத்தனார் எனக்கு என்னென்ன பெயர் வைத்தார் என்று எழுத மாட்டேன். நான் செய்தது தப்பு. அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. ஒரு தாயை ஒரே சாவுக்கு இரண்டாவது தடவையும் அழவைத்தவள் நான், அந்தத் தரையைத் துடைத்தவளும் நான்தான். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் மனதில் ஓடியது. அவராவது இரண்டு தடவை அழுதுவிட்டார். எனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. நோயாளியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன்.

வருஷத் திதி வந்தது. சேக்காட்டில் வைத்துக்கொள்வதாக முடிவு செய்து, முடிவு செய்த பிறகு எனக்குச் சொன்னார்கள். பிள்ளை இல்லாததால் கொழுந்தன் உட்கார்ந்து செய்வார். சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. முதல் நாள் நாத்தனார் போனில் கூப்பிட்டார்.

"நீ ஊட்டுலயே இரு. அம்மாவ யாரு பாத்துக்குவா? அதுகிட்ட கடி வாங்க யாருக்கும் தெம்பு இல்ல. படையல் முடிஞ்சதும் உனுக்கு டப்பால போட்டு அனுப்புறேன்."

என் புருஷனுடைய திதிச் சாப்பாடு எனக்கு டப்பாவில் வரப்போகிறது. சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தேன். அப்போதே தீர்மானித்துவிட்டேன். அவர் திதியில் நான் உட்காரவில்லை என்றால் அப்புறம் நான் அவருக்கு யார், வெறும் அவர் அம்மாவுக்கு ஆயாவா?

காலையில் அத்தையைக் குளிப்பாட்டி, வெங்காயக் கலர் புடவையைக் கட்டி, தலைவாரி விட்டேன். எங்கே போகிறோம் என்று கேட்டார்.

"ஒரு ஊட்ல திதி, அத்த."

"யாருக்கு?"

"எனக்கு வேண்டியவங்களுக்கு."

"அப்ப போய்ட்டுதான் வரணும்" என்று செருப்பைத் தேடினார்.

கதவைப் பூட்டும்போது கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நெற்றியில் பொட்டு. வெளியே போகும்போது எடுக்கவேண்டும், அத்தை கூட இருக்கும்போது வைத்திருக்கவேண்டும். இரண்டு சட்டமும் அவர்கள் போட்டதுதான். எதை மீறுவது என்று ஒரு நிமிஷம் நின்றேன், பிறகு வைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். திருமுல்லைவாயல் தாண்டும் வரை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, நடவுக்கு வந்த பெண்ணிடம் பேசுவதுபோல வரப்பு வழுக்கும், பார்த்து வா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நாத்தனார் வீட்டு ஹாலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தோம். நாத்தனார் முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"இன்னாமா இது? இன்னிக்கி இந்த கோலத்துல வந்து நிக்கிற. அம்மாவ வேற இட்டுகினு வந்துகீற."

"நீங்க குடுத்த பொட்டுதான், அண்ணி" என்றேன்.

"படம் கீதே, அம்மா பாத்துடும்" என்று கொழுந்தன் எழுந்து சுவர்ப் பக்கம் ஓடினார். அதற்குள் அத்தை பார்த்துவிட்டார்.

ரோஜா மாலை போட்ட படம். முன்னால் வாழை இலையில் வடை, அதிரசம், அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு, ஒரு டம்ளர் தண்ணீர், மடித்து வைத்த புது வேட்டி. அத்தை நிதானமாக அதன் முன்னால் போய் நின்றார். நான் அவர் இடுப்பைப் பிடிக்கத் தயாராகப் பின்னால் போனேன். எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவையும் என் கையால்தான் அழப்போகிறார்.

அத்தை கோட்டைப் பார்த்தார். டையைப் பார்த்தார். அருவியைப் பார்த்தார்.

"யாரு இது? ஆபீசரு மாதிரி கீறாரு" என்றார்.

பெற்ற பிள்ளையை அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த ஸ்டுடியோக்காரன் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான்.

"என் ஊட்டுக்காரரு" என்றேன். ஒரு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இறந்துட்டாரு."

அத்தை திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் அவருக்கு மருமகள் இல்லை, கூட நடவு நட்ட யாரோ ஒருத்தி.

"அடப் பாவமே. சின்ன வயசுக்காரரா கீறாரே. எப்ப?"

"ஒரு வருஷம் ஆச்சி."

"அழுதியா?"

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. சாவுக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, முன்னமே தெரியாதா என்பவைதான்.

"இல்ல" என்றேன். "அழ உடல."

"எவ உடல?" என்று அத்தை சுற்றிலும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை இலைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, என் தலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

நான் அழுதேன். அழகாக எல்லாம் இல்லை. சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் பேரைச் சொல்லி அழுதேன், ஏன் அந்தப் பாழாய்ப்போன சோடாவைக் குடித்தாய் என்று திட்டி அழுதேன். என் பொட்டு அத்தையின் புடவையில் ஒட்டிக்கொண்டது. "அம்மா பயந்துடும், கொஞ்சம் மெதுவா" என்று நாத்தனார் கிட்டே வந்தார்.

"நீ போம்மா அந்தப் பக்கம். அவ அழட்டும்" என்றார் அத்தை.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது நான் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அது எங்கேயும் போகாது என்றார் நாத்தனார். எனக்குச் சண்டை போட நேரமில்லை. "உங்க தம்பி இதுல இல்ல, அண்ணி. என் ஊட்டுக்காரரும் இல்ல. ஆனா எனக்கு இதுதான் வேணும்" என்று சொல்லி, மாலையோடு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

இப்போது அது எங்கள் ஹாலில், கிரில் கதவுக்கு எதிரில் தொங்குகிறது. அந்தக் கோட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கோட்டு இல்லாவிட்டால் படம் இங்கே இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பொட்டு அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டேன். கடையில் எனக்குப் பிடித்த மெரூன் கலரில் சின்னதாக வாங்கி, உள்ளேயும் வெளியேயும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். நாத்தனார் இப்போது போன் பண்ணுவதில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூடப் பண்ணுவதில்லை, அந்தக் கோபம் எனக்குத் தீராது.

நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போல நாலு மணிக்கு அத்தை நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பையன் வரவில்லையா என்றார். செகண்ட் ஷிப்ட் அத்த என்றேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அது யாரு, மாலை போட்டுகீது?"

"என் ஊட்டுக்காரரு அத்த. இறந்துட்டாரு."

"அடப் பாவமே. எப்ப?"

அன்றைக்கு அது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டவர்போலத்தான் என் கையைப் பிடிக்கிறார். அழுதியா என்றார். அழுதேன் என்றேன். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

கையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எம் பையனுக்கு இது தெரியாது போல. தெரிஞ்சா வந்து விசாரிக்காம இருக்க மாட்டான். ஷிப்ட் முடிஞ்சி வரட்டும், நான் சொல்றேன். கண்டிப்பா வந்து உன்ன பாப்பான்."

ஒரு வண்டி வந்தது. இரண்டு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அது எதிர்வீட்டு வண்டி.

"சரி அத்த" என்றேன். "வந்ததும் சொல்லுங்க."